ஹம்முவின் டேங்க் வறண்ட நாள்

இமிலால் ஊரில் ஹம்முவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பு வரும், அப்புறம்தான் பேச்சு வரும். "அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி பசியோட இருந்தா தெரியாது, பஸ் பசியோட இருந்தா தூக்கத்துலயும் தெரியும்" என்று முதலில் சொன்னது வேறு யாருமில்லை, அவர் மனைவியேதான். அதைக் கேட்டு ஹம்மு கோபப்பட்டதே இல்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு ஏறக்குறைய அவர் வயதுதான். மலைக்கு இந்தப் பக்கத்துச் சந்தையிலிருந்து அந்தப் பக்கத்துச் சந்தைக்கு ஆள், ஆடு, வெங்காய மூட்டை, சண்டை போட்டுக்கொண்ட மாமியார் மருமகள் என எதையும் ஏற்றிக்கொண்டு காற்றுக் கணவாயைத் தாண்டும் நீலத் தகரம். ஊரார் வைத்த பெயர் நீலக் கழுதை. அதன் டீசல் முள் என்றோ செத்துப்போய்விட்டது. டேங்க் நிறைந்திருந்தாலும் பாதி காட்டும், காய்ந்திருந்தாலும் பாதி காட்டும். அதனால் ஹம்மு ஓர் ஒலிவக் குச்சியைச் செதுக்கிக் காலுக்கு ஒன்று, அரைக்கு ஒன்று, முக்காலுக்கு ஒன்று என வெட்டுப் போட்டு வைத்திருந்தார். டேங்குக்குள் விட்டு எடுத்து ஈரம் எந்த வெட்டுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். அந்தக் குச்சியின் அடி ஒரு சாணுக்கு டீசல் குடித்துக் குடித்துக் கறுத்துப் போயிருந்தது.

காலுக்குக் கீழே டேங்க்கை இறங்க விடமாட்டார். அடியில் பழங்காலத்துக் கசடு கிடக்கிறது, அது குழாயில் ஏறினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். சாயங்காலமே நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். மலைக்குளிரில் காலி இடம் வியர்த்துத் தண்ணீர் விட்டுவிடும் என்பது அவர் கணக்கு. காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை இறக்கிவிடுவார். பீப்பாயில் வாங்கிய டீசல் என்றால் பழைய தலைப்பாகைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றமாட்டார்.

"மனுஷன் பட்டினி கிடந்தா எந்திரிச்சு சாப்பிட்டுக்குவான்" என்பார். "டீசல் வண்டி பட்டினி கிடந்தா வயிறு பூரா காத்து ஏறிக்கும். அப்புறம் நீ ஊட்டினாலும் முழுங்காது."

இத்தனை வருஷத்தில் நடுவழியில் அவர் பஸ் ஒருமுறைகூடப் பட்டினியால் நின்றதில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்குமேல் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவருடைய ஒரே மகள் தூதா. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இருக்கைதான் அவளுக்குத் தொட்டில், பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம். கணவாய்க்கு அந்தப் பக்கம் தஸ்ரூத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத் தேநீரின்போது மாப்பிள்ளையின் சித்தப்பா மிமூன், புதிதாக வாங்கிய வெள்ளை வேனின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"சம்பந்தி, பொண்ணை என் வேன்ல அனுப்பிருங்க. உங்க நீலக் கழுதை கணவாயில படுத்துக்கிச்சுன்னா, அது எந்திரிக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தாடி நரைச்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தூதா சிரிக்கவில்லை. "நான் எங்கப்பா பஸ்ஸுலதான் வருவேன். இல்லேன்னா மாப்பிள்ளையை இங்க வந்து இருக்கச் சொல்லுங்க" என்றாள்.

"வாசல்ல கொண்டாந்து இறக்குறேன்மா. இது அப்பன் வாக்கு" என்றார் ஹம்மு.

மாப்பிள்ளையின் தாய் லல்லா ரகிய்யா அதிகம் பேசாதவர். பேசினால் அதற்கு அப்பீல் கிடையாது. "எதுல வேணா வரட்டும். வழியில வண்டி மாறி மட்டும் வரக் கூடாது. சூரியன் விழுறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கணும்" என்றார். அந்த மலையில் பழைய பேச்சு ஒன்று உண்டு. வழியில் கோவேறு கழுதை மாறி ஏறிய பெண் வீடும் மாறுவாள் என்பார்கள். இப்போது யாரும் நம்புவதில்லை. ஆனாலும் யாரும் மாறி ஏறுவதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் வீடு கொள்ளாத விருந்தாளிகள். ஒருவர் கையை விட்டால் இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். ஹம்மு முதல்முறையாக டேங்க் நிரப்பாமல் படுத்தார். இன்னொரு பக்கம் அவருடைய தங்கை இஜ்ஜா மருதாணிக் கிண்ணத்தோடு கிளம்பியிருந்தாள். இஜ்ஜாவுக்கு ஒரு பைத்தியம்: கல்யாண வீட்டில் நல்லது நடக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் மருதாணி வைத்தாக வேண்டும். பெண்ணின் கைக்கு வைத்தாள், ஆட்டின் நெற்றிக்கு வைத்தாள், கதவுக்கு வைத்தாள், பஸ்ஸின் பம்பருக்கும் ஸ்டியரிங்குக்கும்கூட வைத்தாள். 'நாறுது' என்று சொல்லி, அவசரத்துக்கு வைத்திருந்த டீசல் கேனையும் இறக்கிவிட்டாள்.

காலையில் ஹம்மு குச்சியை எடுத்தால் அது செக்கச்செவேல் என்று சிவந்து, பிடியில் மஞ்சள் நூல் சுற்றி, தானே மாப்பிள்ளை போல நின்றது. சிரித்துவிட்டார். டேங்கில் விட்டுப் பார்த்தார். ஈரம் அரை வெட்டைத் தொட்டது. அரை டேங்க் என்றால் தஸ்ரூத் போய்விட்டே வரலாம். உள்ளே மகள் தாயைக் கட்டிக்கொண்டு அழும் சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கையில் ஏறினார்.

பஸ் முழுக்கப் பறை, பாட்டு, குலவை. கூரைமேல் கம்பளங்களோடு தகரக் கேன்களில் ஒலிவ எண்ணெய். தாய் வீட்டு மரத்து எண்ணெயைப் பெண் கொண்டுபோவது அங்கே வழக்கம். அந்த வருஷம் முழுக்கப் புகுந்த வீட்டின் ரொட்டி அந்த எண்ணெயில்தான் நனையும். பெண்ணை அழைக்க வந்திருந்த மிமூனின் வேன் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

வெயில் சாயத் தொடங்கிய நேரம், கணவாயின் உச்சிக்கு ஒரு வளைவு இருக்கும்போது நீலக் கழுதை இருமியது. இன்னொரு முறை இருமி, விக்கி, நின்றுவிட்டது.

பாட்டு நின்றது. ஹம்மு இறங்கிக் குச்சியை விட்டுப் பார்த்தார். ஈரம் கால் வெட்டுக்கு மேலே இருந்தது. டீசல் இருக்கிறது, பிறகு ஏன்? ஃபில்டரைத் திறந்தார். உள்ளே சேறுபோலக் கசடு. டேங்கின் அடியில் மட்டுமே கிடக்கிற கசடு. குச்சியைத் திருப்பி நுனியைப் பார்த்தார். கறுத்திருக்க வேண்டிய நுனி, நேற்று அறுத்த மரம்போல வெளுத்திருந்தது.

"இஜ்ஜா!"

"என்னண்ணே?"

"இந்தக் குச்சியோட அடி எங்கே?"

"அதுவா? அந்தக் கறுப்புல மருதாணி ஏறவே மாட்டேன்னுச்சு. நல்ல நாளும் அதுவுமா அசிங்கமா இருந்துச்சுன்னு அறுத்துட்டேன். ஒரு சாண்தானேண்ணே!"

ஒரு சாண். அடி அறுந்ததில் வெட்டுகளெல்லாம் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தன. காலையில் அரை என்று காட்டியது காலுக்குச் சற்றே மேலே. அதையும் ஏற்றம் குடித்துவிட்டது. ஹம்மு சிவந்த குச்சியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். அப்படியே பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்குள் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், எல்லோரும் சிரித்தார்கள், இஜ்ஜாவைத் தவிர.

மிமூன் வேனிலிருந்து இறங்கி வந்தார். "சம்பந்தி, என் டேங்கிலிருந்து உறிஞ்சித் தரலாம்னா அதோட கழுத்துல கம்பெனிக்காரன் வலை வெச்சிருக்கான், குழாய் இறங்காது. பங்க்குக்குப் போய் வந்தா இருட்டிடும். பொண்ணை ஏத்தி விட்டுருங்க. அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன்." குரலில் கவலை இருந்தது. அதற்கடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"உச்சிவரைக்கும் தள்ளிடலாம் மாமா, அப்புறம் தானா உருண்டு போயிடும்" என்றான் பறைக்காரன்.

"இஞ்சின் ஓடலேன்னா பிரேக்குக்குக் காத்து ஏது? அது சம்பந்தி வீட்டு வாசல்ல நிக்காதுப்பா, கூரை மேலதான் நிக்கும்." ஹம்மு டயருக்குக் கல் வைத்துக்கொண்டே சொன்னார். ஊர் சிரிப்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரே ஒரு வளைவில் போகிறதே என்பதுதான் பெரிதாகப் பட்டது. மெல்லச் சொன்னார்: "வேன்ல ஏறிக்கோம்மா. அப்பன் பின்னாடியே வர்றேன்."

தூதா முக்காட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வேனைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"அப்பா, அந்த எண்ணெய் எரியுமா?"

ஹம்மு நிமிர்ந்தார். பழைய இஞ்சின், நாசூக்குப் பார்க்காது. எண்ணெயோ பகல் பூராவும் வெயிலில் காய்ந்து தண்ணீர்போல இளகியிருக்கும். அடியில் கொஞ்சம் டீசல் கிடக்கிறது. ஃபில்டரை நிரப்ப ஒரு பாட்டில் டீசல் கருவிப் பெட்டியில் இருக்கிறது. "எரியும்" என்றார். உடனே, "ஆனா அது உன் மாமியார் வீட்டுக்குப் போற ஒரு வருஷத்து எண்ணெய்டீ!"

"நான் போய்ச் சேர்ந்தாத்தானே எண்ணெய் போய்ச் சேரும்? ஊத்துங்கப்பா."

பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். "செக்குல ஆட்டின எண்ணெய்டி, பஸ்ஸுக்கா?" என்று அலறினாள் ஒருத்தி. இஜ்ஜாதான் முதல் ஆளாகக் கூரைமேல் ஏறினாள். செய்த பாவத்தைக் கேன் கேனாக இறக்கிக் கொடுத்தாள். ஹம்மு தன் தலைப்பாகையையே அவிழ்த்து டேங்கின் வாயில் விரித்து வடிகட்டி ஊற்றினார். ஃபில்டரைக் கழுவி, பாட்டில் டீசலால் நிரப்பி மூடினார். இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் திருகு பார்க்க. ஹம்மு சுற்றிப் பார்ப்பதற்குள் தூதா வளையல்களை மேலேற்றிவிட்டு, மருதாணிக் கையால் கைப்பம்ப்பைப் பிடித்துவிட்டாள். விவரம் தெரிந்த நாள்முதல் பார்த்த வேலைதான்.

"அடிம்மா... அடி... நுரைதான் வருது..."

"இப்போப்பா?"

"இன்னும் நுரைதான். விடாதே."

"கை வலிக்குது."

"மாப்பிள்ளை அமுக்கி விடுவான், அடி!"

வெட்கத்தில் அவள் இன்னும் வேகமாக அடித்தாள். திருகின் ஓரத்தில் குமிழிகள் பொங்கின, குறைந்தன, பிறகு எண்ணெய் பிசிறில்லாமல் பொன்னிறத்தில் வழிந்தது. "தெளிஞ்சிருச்சு!" என்று ஹம்மு கத்திய கத்தலில் ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டது.

சாவியைத் திருப்பினார். இருமல். மறுபடி இருமல். மூன்றாவதில் வெள்ளைப் புகை பொங்க நீலக் கழுதை எழுந்து நின்று உறுமியது. கணவாயே குலவையில் நிறைந்தது. ஹம்முவுக்கு அப்படியொரு ஆனந்தம், தன் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

இறக்கம் முழுக்க அடுப்படி வாசனை. பின்னால் வந்த மிமூன் பொறுக்க முடியாமல் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வேனைக் கொண்டுவந்து கத்தினார்: "சம்பந்தி, முன்னாடி போகவாவது விடுங்க! பசி உயிர் போகுது!"

தஸ்ரூத்துக்குள் நுழைந்தபோது வெயில் சுவர்களின் தலையில் மட்டும் மிச்சமிருந்தது. பிள்ளைகள் கும்பலாக ஓடிவந்தார்கள். "யாரு ஸ்ஃபெஞ்ச் பணியாரம் பொரிக்கிறாங்க? எங்களுக்கு? எங்களுக்கு?" என்று பஸ்ஸைச் சுற்றிச் சுற்றித் தேடினார்கள்.

வாசலில் பாலும் பேரீச்சையும் ஏந்தி நின்றார் லல்லா ரகிய்யா. முக்காட்டில் எண்ணெய்க் கறையும் முழங்கைவரை டீசலுமாக மருமகள் இறங்குவதைப் பார்த்தார். கூரையிலிருந்து கேன்கள் டங் டங்கென்று வெறுமையாக இறங்கும் சத்தத்தைக் கேட்டார்.

"எண்ணெய் எங்கே?"

ஹம்மு முன்னே வரப் பார்த்தார், தூதா முந்திக்கொண்டாள்.

"பஸ்ஸுக்கு ஊத்திட்டோம் அத்தே. டேங்க் காலியாயிருச்சு. வண்டி மாறி வர எனக்கு இஷ்டமில்ல."

லல்லா ரகிய்யா பஸ்ஸின் பின்பக்கம் போனார். புகைக்குழாயருகே நின்று மூச்சை இழுத்து முகர்ந்தார். திரும்பி வந்தவரின் முகம் கோணியிருந்தது. கோபமா அழுகையா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

"நானும் இந்த வாசலுக்கு எண்ணெய் கொண்டாந்தவதான்" என்றார், அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரையும் பார்த்து. "வழி பூரா அழுதுக்கிட்டே கொண்டாந்தேன். ஒரு சொட்டு சிந்தல. நீங்களும் அப்படித்தானேடி வந்தீங்க? ஒரு வருஷத்து எண்ணெயை எரிச்சுக்கிட்டு இந்த வீட்டுக்கு ஓடி வந்தவ எவளாவது இருக்கீங்களா?"

பிறகு, டீசல் நாறும் அந்தக் கையைப் பிடித்து, பால் கிண்ணத்தை மருமகளின் வாயில் தானே வைத்தார்.