வேரா மதாமின் அலுமாரிக் கதவுகள்

சும்மா சொல்லக்கூடாது, வேரா மதாம் லேசுப்பட்ட மனுஷி இல்லை. வயது எண்பத்தெட்டு. ரஷ்யாவிலிருந்து துரத்தப்பட்ட பிரபு குடும்பம். சீனாவின் ஹார்பினில் பிறந்து, பதினைந்து வயதில் அங்கிருந்தும் கிளம்பி மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். பேருக்கு இளவரசி, முப்பது வருடம் செய்த வேலையோ ஹோட்டல் அறைகளில் படுக்கை விரிப்பது. ஐம்பது தாண்டித்தான் தூரிகையைத் தொட்டார். யூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும்போது தெருவோரம் எறிந்துவிட்டுப் போகும் அலுமாரிக் கதவுகளில்தான் வரைவார்.

இந்தச் சனிக்கிழமை நூலகத்தில் அவருடைய முதல் கண்காட்சி, பன்னிரண்டு படங்கள். அறிவித்தலில் 'இளவரசி' என்று போட்டிருந்தார்கள். அதைத் தானே வெட்டிவிட்டார். "அது நான் உழைத்து வாங்கியதில்லை" என்றாராம். கண் மங்கிக்கொண்டு வருகிறது. இனி இன்னொரு பன்னிரண்டு படம் வரைய முடியாது என்பது அவருக்கே தெரியும்.

அந்தப் பன்னிரண்டையும் நூலக வான் வருமென்று லிஃப்டில் ஒவ்வொன்றாகக் கீழ்த்தளத்தில் இறக்கி, தூசி படாமலிருக்கச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அன்று யூலை முதலாம் திகதி. கட்டடத்தைப் பராமரிக்கும் மன்னார்க்காரன் யோசெப் பின்பக்கத்தை மட்டும் பார்த்தான். பிணைச்சல் துளைகள் தெரிந்தன. வீடு மாறியவர்கள் விட்டுப்போன கதவுகளாக்கும் என்று, அத்தனையையும் தூக்கித் தெருவில் வைத்துவிட்டான், பாவி.

பிறகு அவன் தன் வீட்டு ஜன்னலால் பார்த்தபோது ஒரு இளம்பெண் ஒரு கதவைத் திருப்பினாள். மதாம் வரைந்த சாம்பல் நிற ஆறு தெரிந்தது. யோசெப் இறங்கி ஓடுவதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள். மற்றவற்றில் எட்டை அதற்கு முன்பே யார் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்; மிஞ்சியவை மூன்று.

"றோசலின், பெரிய பிழை விட்டிட்டன்" என்று மனைவியிடம் வந்து நின்றான்.

"ஒளிச்சு என்ன செய்யப் போறியள்? போய் மதாமிட்டச் சொல்லுங்கோ."

சொன்னான். மதாம் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். "அந்தப் பெண் எப்படிக் கொண்டுபோனாள்?" என்று கேட்டார்.

"சட்டைக் கையால துடைச்சு, நெஞ்சோட அணைச்சுக்கொண்டு போனா, மதாம்."

"எங்கள் வீட்டிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ எடுத்துப் போனார்கள், யோசெப். அணைத்துக்கொண்டு போனதாக யாரும் சொன்னதில்லை."

சனிக்கிழமை நூலகச் சுவரில் மூன்று படங்களும் ஒன்பது வெறும் ஆணிகளும் இருந்தன. ஆணி ஒவ்வொன்றின் கீழும் மதாமின் கோணல் எழுத்தில் ஓர் அட்டை: 'ஒருவர் விரும்பி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.' யோசெப் ஒன்பதையும் வாசித்து முடித்து, எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதான்.