கொடையன்று நின்ற ரேடியோ செட்

போன வருடம் சித்திரையில், சேரன்மகாதேவியைத் தாண்டி ஆற்றங்கரையோரம் ஒரு ஊரில் நடந்தது இது.

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலையை விட்டு வந்தபோது எனக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவருக்குப் பெட்டி தூக்கப் போய், அந்த வேலையையே கற்றுக்கொண்டேன். அவர் என்னைவிட இளையவர். ஆனாலும் 'சார்' என்றுதான் கூப்பிடுவேன். மில் இரைச்சலில் கத்திப் பேசியே பழகியவன் நான். "கூப்பிட்டா திரும்பிப் பாக்கதுக்கே அரைமணி நேரம். இவிய சுருதி சேக்கப் போறாவளாம்" என்று என் மனைவி சிரிப்பாள்.

அன்று சாருக்குக் காய்ச்சல். முதன்முறையாக என்னைத் தனியே அனுப்பினார். ஒரு டீச்சரம்மா வீடு. மறுநாள் காலை அவருடைய கணவரின் முதல் வருட நினைவு ஜெபக்கூட்டம். இறந்தவர் வாசித்த பியானோவில், அவருக்குப் பிடித்த பாட்டை மகள் வாசிக்க வேண்டும். ஒரு வருடமாக யாரும் தொடாததால் ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது.

பக்கத்து அம்மன் கோயிலில் அன்று கொடைத் திருவிழா. ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைச் சரியாக அந்த வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். பியானோவில் பெரும்பாலான கட்டைகளுக்கு மூன்று கம்பிகள் உண்டு. அவை ஒத்துப்போகாவிட்டால் சத்தம் லேசாக அலையும். அலை அடங்கும்வரை முறுக்க வேண்டும். அதைக் கேட்க ஃபேனைக்கூட நிறுத்திவிடுவோம். இங்கே ஜன்னல் கதவே அதிர்ந்தது. குத்துமதிப்பாக முறுக்கினால் கம்பி அறுந்தாலும் அறுந்துவிடும். அப்படியே விட்டு வந்தால் அந்தப் பெண் வாசிக்க முடியாது. சாரும் இனி என்னை நம்பி எங்கேயும் அனுப்ப மாட்டார்.

வேறு வழியில்லாமல் கோயிலுக்குப் போனேன். பியானோ ட்யூனிங் வேலை, கொஞ்சம் செட்டை நிறுத்த வேண்டும் என்று மில் குரலில் கத்தினேன். கொடைக்காரர்கள் கோபப்படவில்லை.

"அண்ணாச்சி, வருசத்துக்கு ஒரு கொடை. இந்த ரிப்பேர் வேலய நாளைக்குப் பாக்கக் கூடாதா?"

அவர்கள் கேட்டதும் நியாயம்தான். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன். சாயங்காலம் வில்லுப்பாட்டு பாட வந்திருந்த ஒரு அம்மா பந்தலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் என்னைக் கூப்பிட்டு, என்ன வேலை என்று கேட்டார்.

"கம்பிக்குச் சுருதி சேக்கணும்மா. இந்தச் சத்தத்துல காதுக்குப் பிடிபடல."

"சுருதி சேக்கவா வந்திருக்கிய? அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றவர், டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கொடைக்காரர்களிடம் போய், "அவிய முடிக்கிற மட்டும் செட்ட நிப்பாட்டுங்க. சுருதி சேக்காம நானே மேடையில உக்கார மாட்டேன். அவியளுக்கும் அப்படித்தான" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் குழாயிலேயே அறிவிப்பு வந்தது. "டீச்சர் வீட்டுல பியானோவுக்குச் சுருதி சேக்காவ. பிள்ளைய எல்லாம் சத்தம் போடாம வெளயாடுங்க." அத்தோடு செட் நின்றது. நேர்ந்துவிட்ட கிடா மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. மற்றபடி நான் முடிக்கும்வரை கொட்டுச் சத்தம்கூட இல்லை. ஒவ்வொரு கம்பியாக அலை அடங்க அடங்க, எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் மகள் உட்கார்ந்து அந்தப் பாட்டை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். டீச்சரம்மா அடுப்படியிலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

பிறகு நன்றி சொல்லக் கோயிலுக்குப் போனேன். பாடகியம்மா என்னைப் பார்த்ததும், "சேந்துட்டா?" என்று மட்டும் கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். "அப்ப நாங்க ஆரம்பிக்கோம்" என்று சிரித்தார். அன்று பந்தலில் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மில்லில் இருந்த காலமெல்லாம், அமைதி என்றால் கரண்ட் போனால் வருவது என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எந்த வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பியானோ முன்னால் உட்கார்ந்தாலும், முன்பின் தெரியாத எனக்காகக் கொடையன்று வாய்மூடி இருந்த அந்த ஊரைத்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.