எனக்க செடி

பெரியம்மா மகள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்துக்காக அவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவளுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள் எனக்கு வரும். மூன்று மாதத்தில் ஒருத்தி அப்படி என்ன வளர்ந்துவிடுவாள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வளைகுடாவில் சம்பாதித்துக் கட்டிய மாடி வீடு. இந்தப் பக்கம் நாங்கள். அப்பா ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாமரை வளர்த்தார். காலையில் லாரி ட்யூபில் மிதந்துபோய் மொட்டுகளைப் பறித்துத் தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்புவார்.

நாங்கள் ஆறாம் வகுப்பில் படித்தபோது பெரியப்பா லீவுக்கு வந்தார். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது ஒரு பால்பொடி டின்னைத் திறந்தார். உள்ளே பால்பொடி இல்லை. ஈரத்துணியில் சுற்றிய ஒரு செடி இருந்தது. அங்கே மீன்தொட்டி விற்கும் கடையில் வாங்கியதாம். எந்த நாட்டுச் செடி என்று கடைக்காரனுக்கே தெரியாதாம். வெளிநாட்டிலிருந்து செடியைச் சோதனைக்குக் காட்டாமல் கொண்டுவரக் கூடாது என்பது பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அது சொல்லத்தக்க கதையாகவும் இருந்தது.

“திருவனந்தபுரத்துல பெட்டிய முழுக்கக் கிளறினானுவ, கேட்டியளா. சொர்ணம் இருக்கான்னு பாக்கானுவ. டின்ன ஒருத்தன் குலுக்கிக்கூடப் பாக்கல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

நாகர்கோவிலிலிருந்து கண்ணாடித் தொட்டி வந்தது, விளக்கு வந்தது, நான்கு மீன்கள் வந்தன. ஆனால் பார்க்க வந்தவர்கள் மீனைப் பார்க்கவில்லை. செடியைத்தான் பார்த்தார்கள். அணில் வாலைத் தண்ணீருக்குள் நட்டு வைத்ததுபோல, செம்பும் பச்சையுமாக அது ஆடிக்கொண்டே இருந்தது. அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். மூக்கைக் கண்ணாடியில் வைக்காதே, தட்டாதே, மீன் பயப்படும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சட்டம் சொல்வாள். நான் ஒரே ஒரு தண்டு கேட்டேன்.

“அது அப்பா எனக்குக் கொண்டுவந்ததாக்கும். நீ எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கோ” என்றாள்.

வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று இராத்திரி தொட்டி உடைந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடையவில்லை.

பெரியப்பா திரும்பிப் போன பிறகு தொட்டியைக் கழுவும் நாளில் வாளி பிடிக்க அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவள் மீனைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாளியில் கிடந்த செடியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குக் கிள்ளி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பை நனைந்தது. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

வீட்டில் வைத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். குளத்தின் உடைந்த படித்துறைப் பக்கம் தாழம்புதர் அடர்ந்த ஒரு மூலை உண்டு. அங்கே சேற்றில் ஊன்றி, மேலே ஒரு கல்லை வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்ப்பேன். பத்து நாளில் என் முழங்கை நீளம் வந்துவிட்டது. அக்காவின் தொட்டியில் அது ஒரு சாணைத் தாண்டாமல் நின்றது. அன்றுமுதல் அவள் வீட்டுக்குப் போக எனக்கு வலிக்கவில்லை. அவள் சட்டம் சொல்லும்போது நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் பொறாமைக்குப் போதும் என்ற அளவு இல்லை. ஒரு மூலை போதவில்லை. செடியை இழுத்து, துண்டு துண்டாக ஒடித்து, குளத்தைச் சுற்றிலும் கால் எட்டிய இடத்திலெல்லாம் நட்டேன். நட்டேன் என்பதுகூட அதிகம். சில துண்டுகளை வீசி எறிந்தேன். எறிந்ததும் வளர்ந்தது. என் கை ராசியான கை என்று நம்பினேன்.

அடுத்த வருஷம் மழை ஓய்ந்த ஒரு காலையில் குளம் பூத்தது. தாமரை அல்ல. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே, விரல் நகம் அளவில், ரோஸ் நிறத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள். கரையிலிருந்து பார்த்தால் யாரோ துணி விரித்ததுபோல இருந்தது. யாரோ படம் எடுத்து ஃபோனில் அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை வேன்கள் வந்தன. புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி குளக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஐஸ்காரர் வந்துவிட்டார். எங்கள் ஊருக்கு அத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை.

இது என்ன செடி, எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். பெரியம்மா முன்னால் வந்தாள்.

“எங்க வீட்டுக்காரரு கொண்டுவந்ததாக்கும். மவளுக்க தொட்டி வெள்ளத்த சானல் வாய்க்கால்ல ஊத்துவோம். அது வழியா குளத்துக்கு வந்திருக்கும்.”

உடனே எல்லா ஃபோனும் அக்காவைப் பார்த்துத் திரும்பின. அவள் தலையைச் சாய்த்து, பூக்களுக்கு முன்னால் நின்று சிரித்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் குளம், என் கல், என் துண்டுகள். அவள் அங்கே நின்று சிரிக்கிறாள்.

“அது எனக்க செடி! நான்தான் நட்டேன்!” என்று கத்தினேன்.

சிலர் சிரித்தார்கள். நான் விடவில்லை. நான் தண்டைத் திருடியதையே பெருமையாகச் சொன்னேன். படித்துறை மூலையைக் காட்டினேன். பிறகு தண்ணீரில் இறங்கி, கைநிறையத் தண்டுகளை ஒடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தேன். தண்டு கேட்டபோது மறுத்தவள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்று கொடுத்தேன். ஐஸ்காரரிடம் கவர் வாங்கித் தண்ணீர் ஊற்றிக் கட்டியும் கொடுத்தேன். தொட்டியிலும் போடலாம், கிணற்றிலும் போடலாம், எப்படிப் போட்டாலும் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒருவர் அருமனைக்குக் கொண்டுபோனார். ஒருவர் களியக்காவிளைக்கு. அந்தக் கவர்கள் எத்தனை என்று கணக்குப் பார்க்க இன்றைக்கும் எனக்குத் துணிவில்லை.

அப்போது அப்பா அக்கரையிலிருந்து ட்யூபைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கமாக இரண்டு கூடை இருக்கும் மொட்டுகள் அன்று அரைக் கூடைதான் இருந்தன. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“நெசமாட்டு நீயா மக்கா?”

“ஆமா.”

“எத்தன எடத்துல?”

விரல் விட்டு எண்ணினேன். விரல்கள் போதவில்லை. அப்பா குளத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இவ சும்மா சொல்லுகா. இது மழ வெள்ளத்துல எங்கேருந்தோ வந்த பாசியாக்கும்.”

சொந்த அப்பா. ஊர் முன்னால். அக்காவின் அப்பா கடல் கடந்து அவளுக்குச் செடி கொண்டுவந்தார். என் அப்பா நான் வளர்த்ததை என்னுடையது இல்லை என்றார். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

அன்று சாயங்காலம் அக்கா மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, எனக்குத் தெரியும். ஒனக்க செடிதான். எனக்க தொட்டியில அது ஒரு நாளும் பூக்கல்ல” என்றாள். சொல்லும்போது அவள் முகம் கோணியது. என் ஆயுளில் அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே நாள் அது. பிஸ்கட்டை நனைத்துத் தின்பதுபோல அதை மெல்ல மெல்ல ருசித்தேன்.

பூ உதிர்ந்ததும் வேன்கள் நின்றன. தாமரை இலைகள் சிறுத்து, ஓரம் கருகி, பிறகு வரவே இல்லை. அப்பாவும் இரண்டு ஆட்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கொடிகளை இழுத்துக் கரையில் போட்டார்கள். இழுக்க இழுக்க ஒடிந்தது. ஒடிந்ததெல்லாம் மிதந்து வேறிடத்தில் வேர்விட்டது. விவசாய அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, ஒரு கணு கிடந்தாலே போதும், மறுபடி வந்துவிடும் என்றார். கரையில் குவித்தது அழுகி நாறியது. குளத்திலிருந்து சானல் வழியாகக் கீழே வயல்களுக்குப் போகும் மடை அடைத்துக்கொண்டது.

ஒரு நாள் கீழ்வயல்காரர்கள் ஐந்தாறு பேர் கரைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது. இந்தச் சனியனைக் குளத்தில் போட்டது எவன் என்று கேட்டார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவோடு அப்போதும் பேச்சில்லை. நான்தான் என்று சொல்ல எழுந்தேன். இப்போதாவது ஊர் நம்பட்டும் என்றுதான். அப்பா தண்ணீருக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். கை நிறையக் கொடி, தாடைவரை சேறு.

“மழ வெள்ளத்துல வந்ததுதான் அண்ணாச்சி. யாரச் சொல்ல?” என்றார்.

வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அப்பா மறுபடி குனிந்து இழுக்க ஆரம்பித்தார். நான் படியிலேயே உட்கார்ந்தேன். எனக்கு ஒரு பேர் கிடைத்துவிடக் கூடாது என்பதில் இந்த மனுஷனுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.