மழித்த கரையும் காட்டு வாத்துகளும்

அந்த வருஷம் பொங்கல் விடுப்பில் அக்காள் வீட்டுக்குப் போனபோது ஊரில் எல்லாரும் வாத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வாத்தை யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

மரக்காணத்துக்கு மேற்கே, கழுவெளி ஏரியை ஒட்டி அக்காளுக்கு நிலம் இருந்தது. அத்தான் நெய்வேலியில் வேலையில் இருந்ததால் விவசாயம் முழுக்க அவள் பொறுப்பு. சம்பா அறுப்புக்குப் பின் வரும் நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்தாள். வீட்டிலிருந்த விதைநெல் அத்தனையும் அந்த ஒரே நாற்றங்காலில் இருந்தது. கடன் வாங்கி மறுபடி விதைத்தாலும் பட்டம் தவறிவிடும். அந்த நாற்றங்காலைத்தான் காட்டு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பெரிய வாத்து அது. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மற்ற வாத்துகள் தண்ணீரில் இரை தேடும். இது ஆட்டைப் போலப் புல் மேயும். இளநாற்று அதற்கு நல்ல புல். பொழுது சாயும் நேரத்தில் ஏரியில் வந்து இறங்கி, கரைவரை நீந்தி, அங்கிருந்து நடந்தே நாற்றங்காலுக்கு வந்துவிடும். நான் போனபோது நாற்றங்காலில் ஒரு மூலை சேறாகக் கிடந்தது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. நெல்லில் பூச்சிமருந்தைக் கலந்து கரையில் இறைத்துவிடச் சொன்னார்கள் டீக்கடையில். அதே ஏரியில் மீன் பிடித்துத் தின்கிறவர்கள் இதைச் சொன்னார்கள், அதுவும் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே. அக்காள் அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

அக்காளின் மூத்தார், அதாவது அத்தானின் அண்ணன், டீக்கடைக்காரர்களை மதிப்பவர் அல்ல. அவருக்கு உப்பளம் இருந்தது, இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது, எந்த விஷயத்தைப் பற்றியும் தயாராக ஒரு முடிவு இருந்தது. வாத்து விஷயத்தில் அவர் முடிவு துப்பாக்கி. பாண்டிச்சேரியிலிருந்து நண்பர்களை வரச் சொல்லியிருப்பதாகவும், ஒரே மாலையில் தொல்லை தீர்ந்துவிடும் என்றும் சொன்னார். நாற்றைக் காப்பாற்றும் ஒருவர் எதற்காகச் சமையல்காரரிடம் மசாலா அரைக்கச் சொல்லி வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்தான் காட்டுயிர்ச் சட்டம் வந்திருந்தது. அதைப் பற்றிய செய்திகளை நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் நானே திருத்தியிருக்கிறேன். சுட்டால் வழக்கு வரலாம் என்று அக்காளிடம் சொன்னேன். அவள் மறுநாளே பஸ் ஏறி வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அங்கிருந்த ரேஞ்சர் நேராகவே பேசினார்.

"வெரட்டலாம்மா. கொல்லக் கூடாது. கொல்லணும்னா அனுமதி வேணும், மேல எழுதிப் போடணும். அது வர்றதுக்குள்ள வாத்து அதோட ஊருக்குப் போயிடும்."

தன் அலுவலகத்தின் வேகத்தை இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்த அரசு ஊழியரை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை. நாங்கள் எழுந்தபோது அவர் ஒன்று கேட்டார். வாத்து எந்தப் பக்கமாகக் கரையேறுகிறது? அக்காளுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

அன்று மாலை வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். அக்காளின் நிலத்துக்குத் தெற்கே ஒருவர் நிலம். ஊரே சோம்பேறி என்று சிரிக்கும் மனிதர். அவருடைய ஏரிக்கரையில் கோரைப்புல் மார்பளவு வளர்ந்து நின்றது. வாத்துகள் அந்தக் கரையோரமாக, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஒதுங்கியே நீந்தின. அக்காளின் கரை வந்ததும் வரிசையாக ஏறின. அந்தக் கரையில் ஒரு புல் இல்லை. மறைவில் நரி இருக்குமோ என்ற பயம் இல்லாத இடத்தில்தான் அவை நடக்கும். சோம்பேறியின் நாற்றங்காலில் அவற்றின் எச்சம்கூட இல்லை.

அக்காளின் கரையில் புல் இல்லாததற்குக் காரணம் மூத்தார். உப்பளத்துக்காரர்களுக்குக் கரையில் புல் இருந்தால் பொறுக்காது. வேர் இறங்கினால் கரை கசியும், பூவும் பதரும் பாத்தியில் விழுந்தால் உப்பு அழுக்காகும். அதனால் உப்பளத்தில் கரையை மொட்டைத் தலையாக வைத்திருப்பார்கள். அங்கே அது சரி. இவரோ, தம்பி வீட்டு நிலத்தில் புதர் மண்டிக் கிடப்பது குடும்பத்துக்கே அவமானம் என்று மார்கழியில் தன் ஆட்களை அனுப்பி நெல் நிலத்தின் கரையையும் மழித்துவிட்டார். கேட்காமல் செய்த உதவி. வாத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டு, இப்போது அதைச் சுட ஆள் கூட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜீப் வந்தது. தொப்பி, பூட்ஸ், பிளாஸ்க் சகிதம் நான்கு கனவான்கள் இறங்கினார்கள். அக்காள் வரப்பில் வழிமறித்து நின்றாள்.

"ஏம்மா, உன் நாத்தைக் காப்பாத்தத்தான் இவங்க இவ்ளோ தூரம் வந்திருக்காங்க. நவுரு," என்றார் மூத்தார்.

"லைசென்ஸ் இருக்குதா மாமா?"

"என் துப்பாக்கிக்கு இருக்குது. ஊருக்கே தெரியும்."

"துப்பாக்கிக்கு இருக்குது. வாத்துக்கு இருக்குதா? இல்லன்னா என் நெலத்துல சுட வேணாம். கேஸ் வந்தா பட்டா என் பேர்லதான் இருக்குது."

கனவான்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மூத்தார் சிரிக்கவில்லை. பெண்பிள்ளைக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தது யார் என்று என் பக்கம் பார்த்துக் கேட்டுவிட்டு, விருந்தாளிகளைத் தன் உப்பளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அப்போதுதான் பாத்தி மிதித்து முடித்திருந்தார்கள். புது வருஷத்து உப்புக்காக, ஆட்கள் வெறுங்காலால் நாள்கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கிய தரை. காய்வதற்குள் அதில் கோழி நடந்தாலும் மூத்தார் கத்துவார். கனவான்கள் பூட்ஸ் காலோடு அதில் இறங்கிக் குறுக்கே நடந்தார்கள். கரையில் நின்ற ஆட்கள் ஐயாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஐயா வானத்தைப் பார்த்தார். துப்பாக்கி இரண்டு முறை வெடித்தது. எதுவும் விழவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கோழி வாங்கிக்கொண்டதாகக் கேள்வி.

அக்காளின் கரையில் வெட்டிய கோரையெல்லாம் மூத்தாரின் பழைய உப்புக் குவியலின் மேல் மூடிக் கிடந்தது. அக்காள் நேரே அங்கே போனாள்.

"கரைய வழிச்சது நீங்க. அந்தக் கோரை எனக்கு வேணும் மாமா."

"காஞ்ச புல்ல நட்டு வாத்தை மெரட்டப் போறியா? வாத்து சிரிக்கும்மா."

"சிரிச்சிட்டுப் போவட்டும். மேயாம இருந்தா போதும்."

கொடுத்தார். பூட்ஸ் தடம் பதிந்த பாத்தியை ஆட்கள் மறுபடி மிதித்துக்கொண்டிருந்த நேரம். வாதாட அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

பனை மட்டைகளை வரிசையாகக் கரையில் ஊன்றி, கோரைக் கட்டுகளை நிற்கவைத்துக் கட்டினோம். தண்ணீர்ப் பக்கம், ஏற வரும் வாத்தின் நெஞ்சில் தட்டும்படி, முழங்காலுக்குக் கீழே ஒரு கயிறு. முதல் மாலையே ஒரு கட்டு சாய்ந்து, அந்தச் சந்தில் வாத்துகள் புகுந்துவிட்டன. அக்காள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி விரட்டினாள். மறுநாள் மட்டைகளை நெருக்கி ஊன்றினோம். வடக்கே அவள் சம்பா அறுத்த தாள் நிலம் இருந்தது, அடித்தாள் மட்டும் நிற்கும் நிலம். மழித்தபடியே கிடந்த அதன் கரையை அவள் தொடவில்லை. வாத்துகள் ஏரியோரமாகவே நீந்திப் போய் அங்கே ஏறின. உதிர்ந்த நெல்லும் புல்லும் அங்கே வேண்டிய மட்டும் கிடந்தன, கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இதற்குச் சட்டமும் தடை சொல்லவில்லை, வாத்தும் சொல்லவில்லை.

நடவுக்கு மறுபடி போயிருந்தேன். மேய்ந்தது போக மிஞ்சிய நாற்று முழு நிலத்துக்கும் வராது. ஒரு துண்டைத் தரிசாக விட அக்காள் முடிவு செய்திருந்தாள். மற்றது பச்சையாக, நடும் உயரத்துக்கு வந்திருந்தது. சாப்பாட்டுக்கு நெல் உண்டு, அடுத்த விதைக்கும் உண்டு.

முடி முடியாகக் கட்டிய நாற்றை வரப்பில் வைத்துவிட்டுப் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தபோது மூத்தார் குடையோடு வந்தார். வரப்பில் நின்று அவர்களுக்கு விளக்கம் சொன்னார். அன்றைக்கு இரண்டு வெடி வெடித்தாரே, அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் வாத்து இந்தப் பக்கமே வரவில்லையாம். அவருக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், தாள் நிலத்தில் ஒரு கூட்டம் தலையைக் குனிந்து நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. நடவாட்களுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்காள் நிமிர்ந்து வாத்துகளைப் பார்த்தாள், பிறகு அவருடைய காலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. நாத்து முடி மேல நிக்கிறீங்க."