மல்லிகாவின் பக்கத்தில் என் கையெழுத்து

பேய், ஆவி, அருள் வந்து ஆடுவது என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுகிறவள் நான். இருபது வருஷமாக நர்ஸ். பிணவறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். தெர்மாமீட்டரை நம்புவேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நம்புவேன், அவ்வளவுதான். நீங்கள் இப்போதே வாயைக் கோணுவது தெரிகிறது. கோணுங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வீடு ஒடுகத்தூரில். வேலை டவுனில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில், புது மருந்து ஆராய்ச்சியில். புது மருந்து சாப்பிடுகிறவர்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எத்தனை மாத்திரை மிச்சம், வாந்தி உண்டா, காய்ச்சல் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நேரம் போட்டு, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். என் மேசை நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் உண்டு. அந்த மேசையின் சாவி என் கைப்பையில்தான் இருக்கும், வேறு யாரிடமும் கிடையாது.

மல்லிகா ஜவ்வாது மலைக்காரி. ஜமுனாமரத்தூரில் இறங்கி இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். முப்பத்திரண்டு வயது. கணவர் ஏழுமலை, சாமை விதைக்கிறவர். பழைய மருந்துகளுக்கு அடங்காமல் நோய் இரண்டாம் தடவை திரும்பி வந்த பிறகுதான் அவளை எங்களிடம் அனுப்பினார்கள். சம்மதப் படிவத்தை நான் இரண்டு மணி நேரம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம்மேல பரிச்சை பண்ணப் போறீங்க, அதானக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். மருந்து கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. "சும்மா சாவறதுக்கு இது மேலு, குடுங்க" என்று கட்டைவிரலை நீட்டினாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அந்த மருந்து சாப்பிடும்போது சில நாட்களுக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் நூறைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறி ஆளை முடித்துவிடும். ஏழுமலைக்கும் மல்லிகாவுக்கும் எழுத்து தெரியாது, எண் தெரியும். தெர்மாமீட்டரும் ஒரு அட்டையும் கொடுத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். நான் போனில் கேட்டு என் நோட்டில் ஏற்றிக்கொள்வேன்.

மல்லிகாவுக்கு அணுக்கள் இறங்கியிருந்த வாரம், வியாழக்கிழமை மாலை போன் போகவில்லை. மலையில் மழை பெய்தாலே டவர் படுத்துவிடும், வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆபீஸுக்குள் போய், மேசையைத் திறந்து நோட்டை விரித்தேன்.

மல்லிகாவின் பக்கத்தில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தது. வியாழன் மாலை ஏழு மணி, 100.9. வெள்ளி காலை ஆறு நாற்பது, 102.2. இரண்டுக்கும் பக்கத்தில் என் கையெழுத்து. வால் நீட்டிப் போடுகிற அதே கையெழுத்து, சந்தேகமே இல்லை. ஆறு நாற்பதுக்கு நான் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு அழைப்பே பதிவாகவில்லை. மறுபடி அவர்கள் நம்பரை அடித்தேன், சுவிட்ச் ஆஃப்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் இந்த விளையாட்டு விளையாடியது என்று கத்தலாமா என்றுகூட நினைத்தேன், ஆனால் 102.2 என்று கண்ணெதிரே இருக்கும்போது உட்கார்ந்து விசாரணை நடத்திக்கொண்டிருக்க முடியுமா, நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "எப்போது பேசினீர்கள்?" என்று கேட்டார். "இப்பதான் சார்" என்றேன். என் வேலையில் நான் சொன்ன ஒரே பொய். அவர் வேறெதுவும் கேட்காமல் வண்டி ஏற்பாடு செய்தார்.

நாங்கள் ஊரை அடையும்போது பகல் பன்னிரண்டு. நுழைகிற இடத்திலேயே வேப்பிலைத் தோரணம், உள்ளே பம்பை சத்தம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியே போய்த் தங்கக் கூடாது. ஏழுமலை என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். முந்தின நாள் மாலையே காய்ச்சல் வந்திருக்கிறது. நான் போன் செய்தால் கிளம்பி வரச் சொல்வேன், வராமல் இருக்க முடியாது, வந்தால் சாமி குத்தம் என்று, போனை அணைத்துச் சாமைப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறார் மனுஷன். "ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் இட்டாந்துரலாம்னு இருந்தேன் சிஸ்டர்" என்று தலையைச் சொறிந்தார்.

மல்லிகா உள்ளே சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். தொட்டால் அடுப்பு. அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏழுமலையின் கோணல் எண்களில் 100.9, அதற்குக் கீழே 102.2. என் நோட்டில் இருந்த அதே இரண்டு எண்கள். எப்படி என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் வழியில் நிற்கிறார். வயதானவர், குரல்கூட உயரவில்லை. "காப்பு கட்டிட்டோம்மா. ஞாயித்துக்கெழம கூழு ஊத்துனப்பறம் இட்னு போங்க."

"ஞாயித்துக்கெழம நீங்க அம்மனுக்கு கூழு ஊத்தசொல்ல இவளுக்கு பால் ஊத்திட்டிருப்பாங்க, பரவால்லீங்களா?" என்றேன். பம்பை நின்றுவிட்டது. வாய் அதிகம்தான், தெரியும், ஆனால் அன்று அதற்கு நான் வருத்தப்படவில்லை.

கவுண்டர் மல்லிகாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அம்மன் கல்லுக்கு முன்னால் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, அவள் முந்தானையில் முடிந்தார். "ஊரு மண்ணு ஒங்கூடவே கீது. நீ ஊர்லதான் கீறே. போய்ட்டு வாம்மா" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. வெள்ளை அணுவே இல்லாதவள் மடியில் மண். அவசரமாக அவிழ்த்து, ரத்த மாதிரிக் குப்பிகள் போடுகிற பிளாஸ்டிக் கவரில் கொட்டி, அழுத்தி மூடி, ஏழுமலையின் சட்டைப் பையில் திணித்தேன். "கவர்ல இருந்தா ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டேன். "சாமிக்கு கவுரு இன்னா, கல்லு இன்னா. சுருக்கா கெளம்புங்க" என்றார் கவுண்டர். அந்த மனிதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

ஜமுனாமரத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் முதல் ஊசி ஏறியது. ரத்த அழுத்தம் அதல பாதாளத்தில் இருந்தது. மலை இறங்கி எங்கள் வார்டுக்கு வந்த பிறகு எட்டு நாள் போராட்டம். ஒன்பதாம் நாள் இட்லி கேட்டாள். அன்று சாயங்காலம் வரை விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

நோட்டு விஷயத்தில் நான் தப்பிக்கவில்லை. ஆராய்ச்சிப் பதிவுகளைத் தணிக்கை செய்ய வந்த அம்மாளிடம், "கையெழுத்து என்னுடையது, எழுதியது நான் அல்ல, டாக்டரிடம் பொய் சொன்னேன்" என்று எழுதியே கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். கண்டிப்புக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

மருந்தை நிறுத்தி, மறுபடி தொடங்கி, மூன்று மாதம் கழித்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. நோய்ச் செல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிரிப்பே வராத எங்கள் டாக்டர் வார்டு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். ஏழுமலை ஓடிப்போய் மூலையில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெயித்துவிட்டோம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அந்த வராந்தாவில் நடந்தேன், யார் பார்த்தால் எனக்கென்ன. இப்போது இரண்டு வருஷமாகிறது. அவள் சாமை அறுக்கிறாள், போன திருவிழாவில் கூழ்க்குடம் தூக்கினாள்.

அந்த ரிப்போர்ட் வந்த நாளில்தான் டீயைக் குடித்துக்கொண்டே மல்லிகா சொன்னாள். "அன்னிக்கு காலைல நீங்க போன் பண்லன்னா நான் இல்லக்கா."

"போனை அணைச்சி வச்சிருந்தாரேம்மா."

"பானைக்குள்ள அடிச்சிதே. அவரு கோயிலாண்ட போயிருந்தாரு, நான்தான் நோண்டி எடுத்தேன். காய்ச்சல் எவ்ளோன்னு கேட்டீங்க, அட்டைய பாத்து ரெண்டையும் சொன்னேன். தூக்கமா வருதுக்கான்னேன். அதுக்கு அழுதீங்களே."

"நானா? இன்னா சொன்னேன்?"

"'காலைல போலாம், இப்ப தூங்குன்னு ஒருத்திகிட்ட சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல மாட்டேன். வண்டியோட வர்றேன், கண்ண மூடாம ஒக்காந்திரு'ன்னீங்க."

என் தங்கை வசந்திக்கு இதே நோய். நான் நர்ஸ் படிப்பில் சேர்வதற்கு முந்தைய வருஷம், ஒரு நாள் ராத்திரி காய்ச்சலாக இருக்கிறது என்று என்னை எழுப்பினாள். தூக்கக் கலக்கத்தில், காலைல போலாம், இப்ப தூங்கு என்றேன். தூங்கினாள், எழுந்திருக்கவில்லை. நான் அப்படிச் சொன்னதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. அந்த அறையில் அன்று இருந்தது நாங்கள் இரண்டே பேர்.