நல்ல தண்ணீரில் கழுவாத தொலைபேசி

எங்கள் ஊருக்கு முதன்முதலாக ஒரு தொழில்நுட்ப, புத்தாக்க மாநாடு வந்தபோது யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. வீதிகள் திறந்துவிட்டன. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து வாவியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படி வந்தவர்களில் சிலருக்கு எங்களுக்குப் புத்தாக்கம் சொல்லித்தர வேண்டும் என்றும் தோன்றிவிட்டது. பேச்சாளர் பட்டியல் முழுக்க வெளியூராக இருந்ததால் உள்ளூர் ஆள் ஒருவரைத் தேடினார்கள். மட்டக்களப்பு நகரில் கைத்தொலைபேசியும் வானொலியும் திருத்தும் கடை வைத்திருந்த நான் அகப்பட்டேன்.

ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் பேசினாள்.

"சேர், உங்கட பயோ ஒண்டு அனுப்புங்க. நூறு சொல் போதும்."

"பயோ எண்டா என்ன பிள்ளை?"

"உங்கட தொழில் பின்னணி சேர்."

அதுவரை என்னிடம் பின்னணி கேட்டவர்கள் எல்லாரும் சீருடையில்தான் இருந்தார்கள். அடையாள அட்டையை எடுக்கக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தொலைபேசியில் அட்டையைக் காட்ட முடியாது என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

மாதிரிக்கென்று மற்றப் பேச்சாளர்களின் குறிப்புகளை அனுப்பியிருந்தாள். நானும் மனைவியும் கடைக் கணினியில் ஒவ்வொன்றாகப் படித்தோம். ஒவ்வொன்றும் ஏணி. இந்த வருடம் பட்டம், அடுத்த வருடம் வேலை, அதற்கடுத்த வருடம் பெரிய வேலை, பிறகு சொந்த நிறுவனம். ஒரு படிகூட உடைந்திருக்கவில்லை. இருபது வருடத்தில் ஒருவருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வந்ததாகத் தெரியவில்லை.

என் தொழிலில் பாதி காய்ச்சல்தான். யுத்தத்தின் கடைசி வருடங்களில் பெயர் சொல்லாத ஆட்கள் பெயர் சொல்லாத பொருட்களைத் திருத்தக் கொண்டுவருவார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்பது உடம்புக்கு நல்லதல்ல. அவர்கள் படியேறுவதைக் கண்டதுமே எனக்குக் குளிர் பிடித்துவிடும். போர்வையைச் சுற்றிக்கொண்டு மேசைக்குப் பின்னால் சுருண்டுவிடுவேன். மனைவி மல்லித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவருக்கு மூண்டு நாளாக் காய்ச்சல் தம்பி" என்பாள். நடிப்பு என்று அவள் நினைத்தாள். நடுக்கம் நிசமானது என்று நான் சொல்லவில்லை.

"அதையும் எழுதுங்க," என்றாள் இப்போது. "மூண்டு வருசம், காய்ச்சல். பதவி, மூத்த நோயாளி."

நான் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் தேறியது இவ்வளவு: மட்டக்களப்பில் பல வருடங்களாக மின்னணுக் கருவிகளைத் திருத்திவருபவர். சுனாமியில் நனைந்த கருவிகளை மீட்பதற்குத் தனி முறையொன்றை உருவாக்கியவர். தன்னிடம் வந்த எதையும் கைவிடாதவர்.

மனைவி கடைசி வரியில் விரலை வைத்தாள். "எதையும்?"

"ஏறக்குறைய எதையும்."

"அப்ப ஏறக்குறைய எண்டு போடுங்க."

"நூறு சொல்தான் கேட்டவங்க. இடமில்ல."

"இருவது சொல்லுகூட எழுதல்லையே நீங்க."

நான் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அந்த வரி ஏன் பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சுனாமி வந்த மூன்றாம் நாள் என் கடைக்கு வந்த முதல் தொலைபேசி ஓர் ஆங்கில ஆசிரியையினுடையது. கடற்கரைப் பக்கம் வீடு. மெதடிஸ்த கிறிஸ்தவக் குடும்பம். கணவர், கடல் வந்த அன்று காலையில், முதல் நாள் நத்தார்ப் பலகாரம் கொடுத்த வீடுகளிலிருந்து தட்டுகளை வாங்கிவரப் போனவர், திரும்பி வரவில்லை. அவருடைய தொலைபேசி மட்டும் வீட்டுக்குள் சேற்றில் கிடந்து அகப்பட்டது. கட்டாரில் இருந்த மச்சான் அனுப்பிய புதுத் தொலைபேசி, குரல் பதிவுசெய்யும். நத்தார் இரவு அதைப் பரீட்சித்துப் பார்க்கவென்று கணவர், தன் மனைவி வகுப்பில் பெயர் கூப்பிடுவதைப் போலப் பேசிப் பதிந்திருக்கிறார். வீட்டுக் கோழி, பூனை, மாமியார் எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டு, தானே வெவ்வேறு குரலில் 'பிரசன்ட் மிஸ்' சொல்லியிருக்கிறார்.

"அது ஒண்டுதான் அண்ணன் வேணும்," என்றார் ஆசிரியை. "போன் வேலை செய்யாட்டியும் பறவாயில்ல."

ஊரே செத்துக் கிடந்த நேரத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அந்தப் பதற்றத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மூண்டு நாளில தாறன் டீச்சர்" என்றேன்.

தண்ணீர் பட்டுக் கெட்ட பொருளைக் காயவைக்க வேண்டும். இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கழற்றி, தகரத்தில் வைத்து, நெல் காயவைப்பதைப் போல ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தேன். அடுத்த நாள் பொறுமையில்லாமல் மின்னேற்றியைச் செருகினேன். ஒரு மணம் வந்தது. அந்த மணம் வந்தவுடன் நிறுத்தியிருக்கலாம். நான் பதறிப்போய், ஈரம் மிச்சம் இருக்கிறதாக்கும் என்று சூடுகாற்று ஊதும் கருவியை எடுத்து ஊதினேன். பதறுகிற ஆள் சும்மா இருக்கமாட்டான். அதுதான் பதற்றத்தின் குணம். ஊதி ஊதி, குரலை வைத்திருந்த அந்தச் சின்னக் கறுப்புச் சிப்பையே அவித்துவிட்டேன்.

ஆசிரியை வந்தபோது, "கடல் போனைக் கெடுத்துப்போட்டுது டீச்சர்" என்றேன்.

அந்தக் கிழமை எதைச் சொன்னாலும் கடலின் மேல் போடலாம். ஒருவரும் மறுத்துக் கேட்கமாட்டார்கள். அவர் தொலைபேசியைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நாலைந்து நாள் கழித்து வவுணதீவிலிருந்து ஒரு விவசாயி வானொலிப் பெட்டியோடு வந்தான். என்னைவிட ஐந்தாறு வயது குறைந்தவன். கல்லடியிலிருக்கும் அக்கா வீட்டு வானொலி, கடலில் ஊறியது. கையில் வாங்கினால் தண்ணீர் சொட்டுகிறது.

"இன்னும் காயல்லையா இது?"

"கழுவிக் கொண்டாந்த அண்ணன். கிணத்துத் தண்ணியில மூண்டு வாளி ஊத்தின."

கடையில் நின்றவர்களும் கேட்கட்டும் என்று உரத்துச் சிரித்தேன். "ரேடியோவுக்குத் தலைக்கு ஊத்தினாயா? சவுக்காரம் போட்டியா, இல்லாட்டி அரப்பா?"

அவன் கோபப்படவில்லை. "வட்டைக்குள்ள உப்புத் தண்ணி ஏறினா என்ன செய்யிற அண்ணன்? அப்பிடியே காய விட்டா வெள்ளை பூத்திரும். அந்த வயல் முடிஞ்சுது. நல்ல தண்ணியக் கட்டி, கழுவி, வடிய விட்டு, மறுகாதான் காயவிடுற. தண்ணியா கெடுக்கிற? உப்பெல்லோ கெடுக்கிற."

அவன் சொல்லச் சொல்ல என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வாவிக்கரையில் பிறந்தவன் நான். முகத்துவாரம் உடைத்துக்கொண்டு உப்பு ஏறினால் வயல்காரர் என்ன செய்வார்கள் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் அது வயல் விசயம், இது கடை விசயம் என்று மூளைக்குள் இடையில் ஒரு வரம்பு கட்டிவைத்திருந்தேன்.

அவனுடைய வானொலி நிழலில் இரண்டு நாள் காய்ந்து, மூன்றாம் நாள் பாடியது.

அதற்குப் பிறகு என் கடையின் பின்பக்கம் பேசின்கள் வந்தன. நனைந்து வந்த தொலைபேசிகளைப் பிரித்து, நல்ல தண்ணீரில் போட்டு, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பார்த்தவர்கள், சுனாமி அதிர்ச்சியில் எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று மனைவியிடம் துக்கம் விசாரித்தார்கள். ஆனால் பல தொலைபேசிகள் பிழைத்தன. இலக்கங்கள் கிடைத்தன, குறுஞ்செய்திகள் கிடைத்தன. ஏறாவூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் சிலர், "டீச்சர்தான் அனுப்பினவ. அந்த அண்ணன் ஏலாட்டி ஏலாதெண்டு உண்மையைச் சொல்லுவார் எண்டு சொன்னவ" என்றார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு பகிடி விட்டுச் சிரிக்கவைப்பேன். பகிடி விட்டால் ஆட்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

மாநாட்டுக்கு முதல் நாள் பின்னேரம் ஒத்திகைக்கு மண்டபத்துக்குப் போனேன். மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் கையில் தாள்களோடு நின்றவர் அந்த ஆங்கில ஆசிரியை. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதற்கு அவரைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு பேச்சாளரின் பின்னணியையும் சபைக்கு வாசிப்பது அவர்தான். ஏழு வருடத்தில் தலையில் கொஞ்சம் நரை.

"ஆ, அண்ணன்! உங்கட குறிப்பு நல்லாயிருக்கு," என்று சிரித்தார். "கனக்கப் புழுகாம, அளவா எழுதியிருக்கிறீங்க."

நான் ஒத்திகைக்கு நிற்கவில்லை. முச்சக்கர வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து, போர்வையை எடுத்துச் சுற்றிக்கொண்டேன்.

மனைவி பார்த்தாள். "ஆமியும் போயிட்டு, மற்றாக்களும் போயிட்டாங்க. இப்ப ஆருக்குக் காய்ச்சல்?"

சொன்னேன். வெயில், மின்னேற்றி, சூடுகாற்று எல்லாவற்றையும். ஏழு வருடம் அவளிடமும் சொல்லவில்லை. அவள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நான் முடிக்கையில், "நாளைக்கு வயித்துப்போக்கு எண்டு சொல்லிப்போட்டா என்ன?" என்றும் கேட்டேன்.

"சொல்லலாம். அவ அதையும் நம்புவா."

வேறு எந்தச் சொல்லுக்கும் நான் அப்படி அடங்கியிருக்கமாட்டேன்.

"அப்ப காலையில போய்ச் சொல்லிப்போடுறன்," என்றேன்.

"வாயால சொல்லாதீங்க. நீங்க வாயத் துறந்தா பகிடிதான் வரும். அவவும் சிரிச்சுப்போட்டுப் போயிருவா. எழுதிக் குடுங்க."

எழுதினேன். இந்த முறை ஒரு சொல்லுக்கும் இடம் போதாமல் போகவில்லை.

காலையில் மண்டபத்து வாசலில் அவரிடம் தாளை நீட்டினேன். "குறிப்பில ஒரு திருத்தம் டீச்சர்." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே படித்தார். முறையை உருவாக்கியவர் என்ற வரியையும் கடைசி வரியையும் எடுத்துவிட்டு நான் எழுதியிருந்தது இது: சுனாமியில் நனைந்து தன்னிடம் வந்த முதல் தொலைபேசியை நல்ல தண்ணீரில் கழுவாமல் காயவைத்து, சூடுகாட்டிக் கெடுத்தவர். கடல் கெடுத்ததாகச் சொந்தக்காரரிடம் பொய் சொன்னவர். கழுவும் முறையைப் பிறகு வவுணதீவு விவசாயி ஒருவரிடம் கற்றுக்கொண்டவர்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. இரண்டாம் முறையும் படித்தார் போல.

"முதல் போன் எண்டது..."

"ஓம் டீச்சர்."

அவர் தாளை மற்றத் தாள்களோடு சேர்த்து, வரிசைப்படி செருகினார். நேராக மேடைக்குப் போய்விட்டார்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் கழிப்பறை இருக்கும் திசையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பிறகு என் முறை வந்தது. அவர் முதல் வரியை வாசித்தார். திருத்திய வரிகளை விட்டுவிடுவார் என்று ஒரு மனம் சொன்னது, விட்டுவிடக்கூடாது என்று மற்ற மனம் சொன்னது. அவர் விடவில்லை. வகுப்பில் பாடம் வாசிப்பதைப் போல, ஒரு சொல்லிலும் தடுமாறாமல், கடைசிவரை வாசித்தார். சபையில் சிலர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். வாசித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "வாங்க" என்றார்.

எழுதிவைத்த பேச்சைப் பையிலேயே விட்டுவிட்டேன். உப்பைப் பற்றிப் பேசினேன். காயவைக்க அவசரப்படக்கூடாது என்பதைப் பற்றி, மூன்று வாளித் தண்ணீரைப் பற்றி. கை தட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தேநீர் இடைவேளையில் அவரே எங்களிடம் வந்தார். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நான் ஓடிவிடாமல் இருப்பதற்காக்கும்.

"அந்தப் போனை இன்னும் வைச்சிருக்கன் அண்ணன்," என்றார். "அண்டைக்கே சொல்லியிருந்தா கோவிச்சிருப்பன். இப்பவும் கோவம்தான். ஆனா ஒண்டு கேக்கிறன். இப்ப கழுவினா?"

என் வாய்க்குள், மூன்று நாளில் தருகிறேன் என்பது தயாராக நின்றது. ஏழு வருடம் கழித்தும் அதே சொல், அதே நிமிர்ந்த நெஞ்சோடு. அதற்குப் பக்கத்தில் ஒரு பகிடியும் நின்றது. இரண்டையும் விழுங்கினேன்.

"இல்ல டீச்சர். ஏலாது. குரல் இருந்த இடத்தைத்தான் நான் சுட்டுப்போட்டன். இனி ஆராலயும் ஏலாது."

அவர் கோப்பையிலிருந்து ஒரு வாய் தேநீர் குடித்தார். "கிழமைக்கு ஒருக்கா எடுத்துத் துடைச்சு வைப்பன்," என்றார். "ஆராவது ஒரு நாள் திருத்துவாங்க எண்டுதான். அவர் செஞ்ச மாதிரி நான் ஒருக்காவும் செஞ்சு பாத்ததில்ல. அதான் போனுக்குள்ள இருக்கே எண்டு."

பிறகு, மண்டபத்து ஆட்கள் வடையும் ரோல்ஸும் எடுக்கத் தள்ளுப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில், கோப்பையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அவர் மூக்கைச் சுருக்கி, புருவத்தை உயர்த்தி, தன் கணவர் தன்னைச் செய்துகாட்டியதைச் செய்துகாட்டினார். கோழியைக் கூப்பிட்டார். பூனையைக் கூப்பிட்டார். மாமியாரின் பெயர் வந்தபோது குரலைக் கொஞ்சம் பயந்த மாதிரித் தாழ்த்தினார். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மணி அடித்தது. அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மேடையேறி, அடுத்த பேச்சாளரின் பின்னணியை வாசிக்கத் தொடங்கினார். நாலு நாடு, ஆறு பதவி, இடையில் ஒரு வருடமும் விடுபடவில்லை. பெயரைக் கூப்பிட்டபோது மூக்கு கொஞ்சம் சுருங்கியது. அவருடைய சொந்தக் குரலே அப்படித்தான் இருந்தது. கணவர் அவரை அச்சொட்டாகத்தான் செய்துகாட்டியிருக்கிறார்.