வெள்ளிமலை கம்ப்யூட்டரில் எழுதிய பொய் வரி

அந்த வரியை எழுதியது நீங்கள்தான், மேனேஜர் சார். எழுத வழி செய்து கொடுத்தது நான். அதையும் சேர்த்தே எல்லோருக்கும் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து ஒரு தனியார் பால் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெள்ளிமலை பால் கொள்முதல் நிலையத்தில் பால் தொட்டியின் குளிரூட்டி எப்போது ஓடியது, எப்போது நின்றது என்பதை முதலில் ஒரு சாதாரணக் கோப்பில்தான் பதிந்துவந்தோம். கண்டவனும் அதைத் திறந்து திருத்தினான். அதனால் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன். குளிரூட்டி நின்றாலும் ஓடினாலும் அது சிஸ்டம் லாக்கில் ஒரு வரி சேர்க்கும். கம்ப்யூட்டர் தனக்கு நடப்பதைத் தானே குறித்துவைக்கும் இடம் அது. அட்மின் உரிமை இல்லாமல் என் ஸ்கிரிப்ட் அதில் எழுதாது. எழுதிய ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுக்கவும் முடியாது. "கடவுளே வந்தாலும் கை வைக்க முடியாது" என்று மீட்டிங்கில் பீற்றிக்கொண்டேன்.

பீற்றியவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். மலைக்குப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். அதற்கு அலுத்துக்கொண்டு அட்மின் பாஸ்வேர்டைப் போனிலேயே சொல்லிவிடுவேன். மேனேஜருக்குச் சொன்னேன். வெள்ளிமலையில் பால் வாங்கும் பெண்ணுக்கும் ஒருமுறை சொன்னேன்.

ஒரு நாள் தொட்டிப் பால் முழுவதும் திரிந்துபோனது. மறுநாள் மேனேஜர் ஜீப்பில் மலையேறினார். சாயங்காலம் எனக்கு லாக்கிலிருந்து ஒரே ஒரு வரியைப் படமெடுத்து அனுப்பினார்: திரிந்த அன்று காலை 10.10, குளிரூட்டி கையால் நிறுத்தப்பட்டது, ஆபரேட்டர். அங்கே ஆபரேட்டர் என்றால் பால் வாங்கும் அந்தப் பெண்தான். அவளை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகவும் சொன்னார்.

நான் நம்பினேன். வருடக்கணக்காகத் தெரிந்த மனுஷியைவிட என் ஸ்கிரிப்டை நம்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கியதும் கத்தினேன்.

"எதுக்கும்மா நிறுத்தின?"

"இன்னாண்ணா, நீங்களும் மேனேஜராட்டமே கேக்குறீங்க? கரண்டு ஒம்பதரைக்கே போயிடுச்சு. நின்ன மிஷினை நான் எதுக்கு நிறுத்தணும்? செத்தவன் கழுத்தை எவனாவது நெரிப்பானா?"

"ஜெனரேட்டர்?"

"டீசல் இல்ல. அவருக்கு மூணு வாட்டி போன் போட்டேன். 'அனுப்பிக்கினே இருக்கேன்'னாரு. ஒரு சொட்டு வரல. நேத்து வந்தாரு, என்னை டீ வாங்கியாரச் சொல்லிட்டு உங்க கம்ப்யூட்டர் முன்னால குந்திக்கினாரு."

லாக் முழுவதையும் எழுதப்பட்ட வரிசையில் திறந்தேன். அந்த 10.10 வரி, பால் திரிந்த நாளின் வரிகளோடு இல்லை. மறுநாள் மதிய வரிகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு நின்றது. அதற்கு மேலே, கடிகாரம் முந்தின நாளுக்கு மாற்றப்பட்டது என்று கம்ப்யூட்டர் தானே குறித்திருந்தது. கீழே, கடிகாரம் மறுபடி முன்னால் நகர்த்தப்பட்டது என்று இன்னொரு வரி. அட்மின் பாஸ்வேர்டு இருந்தால் என் ஸ்கிரிப்டைக் கையாலேயே ஓட்டி ஒரு வரி சேர்க்கலாம்; ஆனால் அதில் நேரம் போட இடம் கிடையாது. கம்ப்யூட்டர் காட்டும் நேரம்தான் விழும். அதற்காகவே யாரோ கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறார்கள்.

மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"மிஷின் பொய் சொல்லுமாய்யா? கடவுளே கை வைக்க முடியாதுன்னு நீதானே சொன்ன?"

"கடவுள் வைக்கல சார்."

"பாஸ்வேர்டு உங்கிட்டயும்தான் இருக்கு. நீயே எழுதியிருப்ப" என்றார்.

அந்த வரி செருகப்பட்ட மதியம் முழுவதும் நான் சின்னசேலம் நிலையத்தில் இருந்தேன். அங்கே பத்துப் பேர் பார்த்தார்கள். பாஸ்வேர்டு தெரிந்த மூன்றாவது ஆள் அந்தப் பெண். தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள அவள் என்ன பைத்தியமா? மிச்சம் யார்?

சொன்னபடியே அவளை நிறுத்திவிட்டார்; அவள் இன்னும் வேலையில்லாமல்தான் நிற்கிறாள். பால் திரிந்ததற்கு அவள்தான் காரணம் என்று ஊருக்குள் பேச்சு.

திங்கட்கிழமை வெள்ளிமலையில் பால் ஊற்றுகிறவர்கள் கூட்டம். "ரூமுக்கு வா, பேசிக்கலாம்" என்று என்னைக் கூப்பிடாதீர்கள், மேனேஜர் சார். நான் லாக்கின் நகலோடு வருவேன். அவளும் வருவாள். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள் சார்: டீசல் ஏன் வரவில்லை? கடிகாரத்தை எதற்குத் திருப்பினீர்கள்?